தீவக முதியோரும் பாரிசவாதமும்: கடல் கடக்கும் முன்பே செய்யவேண்டியது

நெடுந்தீவில் வீடு வீடாகச் சென்று முதியோரைச் சந்திக்கின்றபோது நாம் அடிக்கடி காணுகின்ற காட்சி ஒன்றுண்டு. கல்வேலிக்குள்ளே ஒரு பழைய வீடு. விறாந்தையில் ஒரு கட்டில். ஒரு பக்கக் கையும் காலும் வழங்காமல், பேச்சும் குழறிய நிலையில் ஓர் ஐயாவோ அம்மாவோ அதிலே படுத்திருப்பார். பிள்ளைகள் பிரான்சிலோ கனடாவிலோ இருப்பார்கள். பார்த்துக்கொள்பவர் அவரிலும் இரண்டொரு வயது இளைய துணைவி. தூக்கி இருத்தவும் திருப்பிப் படுக்க வைக்கவும் அந்த அம்மாவுக்குப் பலம் போதாது. பக்கத்து வீட்டாரும் அதே வயதினரே. இது எப்போது நடந்தது என்று கேட்டால் நாளும் பொழுதும் தவறாமல் சொல்வார்கள். அதற்கு முன்னர் இரத்த அழுத்தம் பார்த்ததுண்டா என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “ஒரு வருத்தமும் இல்லாத மனிசன் பாதர். தலையிடி எண்டுகூடப் படுத்ததில்லை.”

இந்தப் பதிலையே இக்கட்டுரையில் எடுத்து நோக்க விரும்புகிறோம். வருத்தம் இல்லாதிருப்பதும் வருத்தம் தெரியாதிருப்பதும் ஒன்றல்ல. உயர் இரத்த அழுத்தம் நோவதில்லை. காய்ச்சலைப்போல் உடம்பைச் சுடுவதுமில்லை. பத்து இருபது ஆண்டுகளாக இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தடிக்கவும் பலவீனப்படுத்தவும் செய்துவிட்டு, ஒருநாள் காலையில் பல் துலக்கப் போனவரை விழுத்திவிடுகிறது. ‘சடுதியாக வந்தது’ என்று நாம் சொல்லுகிற பாரிசவாதம் பெரும்பாலும் நெடுநாள் நடந்து வந்ததே. வாசலுக்கு வந்த நாளை மாத்திரம் நாம் கண்டோம்.

நாலரை மணித்தியாலக் கணக்கு

பாரிசவாதம் என்பது மூளையின் ஒரு பகுதிக்கு இரத்தம் செல்வது தடைப்படுவதால் உண்டாவது. அது இரு வகைப்படும். ஒன்று, குழாய் அடைபடுவது. உலகளவில் பெரும்பான்மையானவை இவ்வகையே. மற்றது, குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தோன்றும். மூளையை சி.ரி. ஸ்கான் எடுத்துப் பார்த்தால்தான் எந்த வகை என்று திட்டமாகச் சொல்லலாம்.

அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்து ஒன்று உண்டு. அது பயன் தரும் என்பதை 1995இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வு காட்டியது. அப்போது மூன்று மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும் என்றிருந்தது. 2008இல் ஐரோப்பாவில் நடந்த ஆய்வின் பின்னர் அந்த எல்லை நாலரை மணித்தியாலமாக நீண்டது. இந்த மருந்தை இரத்தக் கசிவு உள்ளவருக்கு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஆதலால் ஸ்கான் எடுக்காமல் எந்த வைத்தியரும் அதைத் தொடமாட்டார்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். குறிகட்டுவானிலிருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைத் தாம்போதி வழியாக யாழ். போதனா வைத்தியசாலைக்கு இன்னொரு மணித்தியாலம். அங்கே பதிவு, பரிசோதனை, ஸ்கான், இரத்தம் பார்த்தல் எல்லாவற்றுக்கும் மேலும் ஒரு மணித்தியாலமாவது செல்லும். ஆகவே நோய் கண்ட நேரம் தெரிந்திருந்து, அந்த வேளையிலேயே படகும் துறையில் நின்று, கடலும் அமைதியாயிருந்தால் மட்டுமே நெடுந்தீவார் ஒருவர் நாலரை மணித்தியாலத்துக்குள் மருந்தைக் காண்பார். வாடைக்காற்றிலோ சோழகத்திலோ, இரவு பத்து மணிக்கோ விழுந்தவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. நித்திரையில் வந்து காலையில் எழும்போது கண்டுபிடிக்கப்பட்டவருக்கோ எத்தனை மணிக்குத் தொடங்கியதென்றே தெரியாது.

நயினாதீவார் கடலை இருபது நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். ஊர்காவற்றுறையார் தரைவழியாகவே போகலாம். எனினும் தனித்திருக்கும் முதியவரை யாராவது காணும்வரை கழிகிற நேரம் எல்லாத் தீவுகளுக்கும் பொதுவானது.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வருகின்ற இலவச நோயாளர் காவு வண்டிச் சேவை 2018ஆம் ஆண்டு யூலை மாதம் வட மாகாணத்துக்கு வந்தது. நல்ல சேவை. தீவக மக்களுக்கு அந்த இலக்கம் வேறொன்றையும் நினைவூட்டும். ஊர்களை விட்டு மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறிய ஆண்டும் 1990தான். எது எப்படியிருப்பினும் வண்டி தரையில்தான் ஓடும். கடற்பரப்பைக் கடக்க விசைப்படகு தேடவேண்டும். அவசரத்துக்குக் கடற்படையினரின் படகில் நோயாளரைக் கொண்டுவந்த சந்தர்ப்பங்கள் பல உண்டு. அவ்வாறு கொண்டுவந்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் படகைப் பற்றி மாத்திரமே பேசிக்கொண்டிருப்பதில் எமக்கு உடன்பாடில்லை. வேகமான படகு வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. அது கிடைத்தாலும் தீவகத்தில் பாரிசவாதத்தோடு போராட வேண்டிய இடம் கடல் அல்ல. விழுவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்னர், வீட்டு விறாந்தையில்.

எவை காரணம்?

32 நாடுகளில் ஏறத்தாழ 27,000 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளிவந்த ஆய்வொன்று பத்துக் காரணிகளை எடுத்துக் கூறியது. உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், நீரிழிவு, உடலுழைப்பின்மை, உணவுப் பழக்கம், இடுப்புப் பருமன், மதுபானம், மன அழுத்தம், இதய நோய், இரத்தக் கொழுப்பு ஆகியனவே அவை. பாரிசவாதத்தில் பத்தில் ஒன்பது பங்கு இந்தப் பத்தோடும் தொடர்புடையது. அவற்றுள் உயர் இரத்த அழுத்தம் ஒன்றே ஏறத்தாழப் பாதிக்குப் பொறுப்பு. எனவே ஒன்றை மட்டும் அளக்க வசதியுண்டென்றால் எதை அளப்பது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

எம்மவர் வாழ்வில் இவை எப்படிப் பொருந்துகின்றன? தீவகத்து உணவில் உப்பு அதிகம். கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம் என்று பட்டியல் நீளும். தனித்து வாழும் முதியவருக்குச் சமைப்பதே பாரம். ஒரு துண்டுக் கருவாட்டோடு சோற்றை முடித்துவிடுகிறார். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு தேக்கரண்டி மட்டம். கறியில் இட்டது, கருவாட்டில் உள்ளது, பாணில் உள்ளது எல்லாம் அதற்குள் அடக்கம். எமது சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளில் உவர் ஏறியிருப்பதும் சேர்த்து எண்ணத்தக்கது. பங்களாதேசின் கரையோரத்தில் டக்கோப் என்னும் இடத்தில், உவர்நீர் குடிக்கும் கர்ப்பிணித் தாய்மாரிடையே இரத்த அழுத்த நோய்க்கும் நீரின் உவருக்கும் தொடர்பிருப்பதை 2011இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. நெடுந்தீவில் சாராப்பிட்டி நன்னீருக்காகப் பெண்கள் குடத்தோடு நடந்த நடை வெறும் ருசிக்காக மட்டுமல்ல போலும். இருந்தபோதிலும் கிணற்றைக் குறைகூறிவிட்டு உப்புப் போத்தலை மறந்துவிடக் கூடாது.

சீனாவின் 600 கிராமங்களில் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். முன்னர் பாரிசவாதம் வந்தவர்களும் அறுபது கடந்த இரத்த அழுத்த நோயாளரும் இதிலே சேர்க்கப்பட்டனர். வழமையான உப்பில் கால் பங்கை எடுத்துவிட்டு பொற்றாசியம் குளோரைட் கலந்த உப்பைப் பாதிக் கிராமங்களுக்குக் கொடுத்தார்கள். ஐந்து ஆண்டுகளில் அக்கிராமங்களில் பாரிசவாதம் 14 வீதம் குறைந்தது என்று 2021இல் அறிவித்தார்கள். சிறுநீரக நோயுள்ளவருக்கு இத்தகைய உப்பு ஆகாது. வைத்தியரைக் கேளாமல் யாரும் தொடங்க வேண்டாம். நாம் இங்கே இதைச் சொல்வது, சமையலறையில் செய்யும் சிறு மாற்றத்துக்கும் இத்தனை பலன் உண்டு என்பதற்காகவே.

சுருட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சிகரெட்தான் கூடாது, சுருட்டுக்குத் தோஷமில்லை என்று வாதிடும் அப்புமாரை நாம் அறிவோம். புகை புகைதான்.

கையால் பார்க்கக்கூடிய மற்றொரு சோதனையும் உண்டு. அது நாடி. முதுமையில் சிலருக்கு இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும். அப்போது அங்கே இரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குச் சென்று அடைத்துக்கொள்ளும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, யாழ். மாவட்டத்தில் ஐம்பது வயதைக் கடந்த பல ஆயிரம் பேரை வீடு வீடாகச் சென்று, கையடக்க ஈ.சி.ஜி. கருவியால் இதற்காகப் பரிசோதித்தார்கள். மேற்கு நாடுகளைவிட இங்கே அது குறைவாகவே காணப்பட்டது. ஆனால் உள்ளவர் சிலரே என்றாலும் அவர்களுக்கு வரும் பாரிசவாதம் கடுமையானது. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கடிகாரம் போல் அடிக்காமல் தாளம் தப்பித் தப்பி அடித்தால் வைத்தியரிடம் காட்டவேண்டும்.

“வயது போனால் ஏறத்தானே செய்யும்?”

முதியோரிடமும், அவர்களின் பிள்ளைகளிடமும், ஏன், படித்தவர்களிடமும் இந்தக் கருத்து வேரூன்றியிருக்கிறது. வயதோடு நூறைக் கூட்டினால் வருவதே சரியான அழுத்தம் என்று முன்னர் சொல்வதுண்டு. அந்தக் கணக்கின்படி எழுபத்தைந்து வயதுக்காரருக்கு 175 சரி! இது பிழையென்று 1991இலேயே தெளிவாகிவிட்டது. அமெரிக்காவில் அறுபது வயதைக் கடந்த 4,736 பேரை எடுத்தார்கள். அவர்களுக்கு மேல் அழுத்தம் மட்டுமே 160க்கு மேலிருந்தது. கீழ் அழுத்தம் சாதாரணம். பாதிப்பேருக்கு மலிவான, சிறுநீர் போக்கும் குளிசையிலிருந்து மருந்து தொடங்கப்பட்டது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் அவர்களிடையே பாரிசவாதம் 36 வீதம் குறைந்தது. முதியவர் என்பதால் விட்டுவிடுவதற்கு மாறாக, முதியவர் என்பதாலேயே பார்க்கவேண்டும் என்பதை அந்த ஆய்வு உறுதிப்படுத்தியது.

எமது நாட்டில் சுகாதார அமைச்சு 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களை வைத்தியசாலைகளில் ஆரம்பித்தது. இரத்த அழுத்தம், சீனி, நிறை, இடுப்பளவு ஆகியவற்றை இலவசமாகப் பார்த்து, இதய நோயும் பாரிசவாதமும் வரும் வாய்ப்பைக் கணித்துச் சொல்வார்கள். வரவேற்கத்தக்க முயற்சியே. ஆயினும் இரு குறைகளைச் சொல்லாமல் விடமுடியாது. தொடக்கத்தில் அது 40 முதல் 65 வயது வரையானோரை நோக்கமாகக் கொண்டது. கீழெல்லை பின்னர் 35 ஆனது. எழுபது வயதினர் தமக்கான இடமாக அதை எண்ணவில்லை. அடுத்தது, அங்கே வருபவருள் ஆண்கள் மிகக் குறைவு. பெண்கள் பிள்ளைப்பேறு, தடுப்பூசி என்று ஆஸ்பத்திரி வாசலை அறிந்தவர்கள். கடலுக்குப் போகிறவர் ஒருநாள் தொழிலை விட்டுவிட்டு, ‘ஒன்றுமில்லை’ என்ற சொல்லைக் கேட்பதற்காகப் போவாரா?

நாம் செய்த பிழை

இங்கே எமது பிழையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் திருவிழாக் காலத்தில் பங்கு மண்டபத்தில் ஒரு மருத்துவ முகாம் நடத்தினோம். நகரிலிருந்து வைத்தியர்கள் வந்தார்கள். ஒரே நாளில் இருநூறு பேருக்குக் கிட்டப் பார்த்தோம். சிற்றுண்டி வழங்கினோம், படம் எடுத்தோம், அறிக்கை எழுதினோம். எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு கடற்றொழிலாளருக்கு அன்றைக்கு அழுத்தம் 190க்கு மேல். ஒரு துண்டு எழுதி, கிளினிக்குக்குப் போகச் சொல்லி அனுப்பினோம். போனாரா என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து மாதம் கழித்து நாம் அவருக்கு நோயிற்பூசுதல் கொடுக்கப் போனோம். அந்தத் துண்டு அவரது சட்டைப்பையிலேயே இருந்தது. “பாதரின்ர துண்டு எண்டு பத்திரமா வைச்சிருந்தவர்” என்றார் அவர் மனைவி.

அளப்பது பரிசோதனையின் கால்வாசி வேலை. மிகுதி முக்கால்வாசி, அளந்தபின் நடப்பது. இதை அந்த அம்மாவின் வாயிலிருந்து படித்தோம். பின்னர், வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப் பகுதிகளில் 2,645 பேரிடம் நடந்த ஆய்வைப் பற்றி அறிந்தோம். 2020இல் அது வெளிவந்தது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே சென்று அழுத்தம் பார்த்து, உப்பு, குளிசை பற்றிப் பேசி, கூடியவரை வைத்தியரிடம் சேர்த்தார்கள். எமது நாட்டில் இப்பணியைச் செய்தவர்கள் குடும்பநல உத்தியோகத்தர்களே. இரண்டு ஆண்டுகளின் பின் இவர்கள் சென்ற வீட்டாருக்கு மற்றவர்களைவிட மேல் அழுத்தம் 5 மி.மீ. கூடுதலாகக் குறைந்திருந்தது. ஐந்துதானே என்று எண்ணற்க. மேல் அழுத்தம் 10 குறைந்தால் பாரிசவாதம் கால் பங்குக்கு மேல் குறைகிறது. புதிய மருந்தோ பெரிய இயந்திரமோ இல்லை. ஒருவர் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போனார், அவ்வளவே.

அதன்பின் நாமும் வழியை மாற்றிக்கொண்டோம். இப்போது முகாம் இல்லை. ஒரு கொப்பி உண்டு. அறுபதைக் கடந்த ஒவ்வொருவரின் பெயரும் அதில் இருக்கும். பங்கு இளைஞர் இருவரும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், கைப்பட்டி சுற்றும் இலத்திரனியல் கருவியோடு மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போகிறார்கள். கோயிற்காரர், பள்ளிக்காரர், விகாரைப் பக்கத்தார் என்ற வேறுபாடு கொப்பியில் இல்லை. மருந்து கொடுப்பது அவர்கள் வேலையன்று. அளப்பது, எழுதுவது, 140/90க்கு மேல் இருமுறை வந்தால் வைத்தியசாலைக் கிளினிக்கில் சேர்ப்பது, சேர்ந்தவர் குளிசை எடுக்கிறாரா என்று கேட்பது. கடைசியாகச் சொன்னதே கடினமானது.

அளப்பதிலும் முறையுண்டு. நடந்து வந்தவரை உடனே அளக்கக்கூடாது. ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து இருக்கட்டும். அதற்கு அரை மணித்தியாலம் முன்பு தேத்தண்ணியும் சுருட்டும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். கை இதயத்தின் மட்டத்தில் மேசையில் இருக்கவேண்டும். பட்டி சட்டைக்கு மேலே அல்ல, தோலின் மேலே. அளக்கும்போது ஊர்க்கதை பேசக்கூடாது (இது எம்மவருக்கு மிகவும் சிரமமானது). ஒருநாள் கூடியிருந்ததைக் கொண்டு பயப்படவும் வேண்டாம். மற்றொரு நாள் திரும்பப் பாருங்கள். ஆனால் 180க்கு மேலே காட்டினால் மற்றொரு நாளுக்குத் தள்ளாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். மருந்தெடுக்கும் முதியவரை எழுந்து நிற்கவைத்தும் ஒருமுறை பாருங்கள். நிற்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கினால் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வார். அதை வைத்தியருக்குச் சொல்லவேண்டும்.

குளிசையை நிறுத்துவதற்கு எம்மவரிடம் காரணங்கள் ஏராளம். “இப்ப பிறஷர் இல்லை, நிப்பாட்டிப் போட்டன்” என்பது முதலாவது. குளிசை எடுப்பதால்தான் அழுத்தம் இல்லை என்பதைப் பொறுமையோடு விளக்கவேண்டியிருக்கிறது. கிளினிக் நாளன்று படகு ஓடவில்லை என்பது மற்றொன்று. இது உண்மையான காரணம். 2022இல் எரிபொருளும் மருந்தும் ஒருங்கே தட்டுப்பட்டபோது குளிசையைப் பாதியாக முறித்துப் போட்டவர்களும், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்களும் உண்டு. ஆகவே கடல் கொந்தளிக்கும் மாதங்களுக்கு முன்னரே கையில் இரண்டு கிழமை மருந்து மேலதிகமாக இருக்கத்தக்கதாகக் கேட்டு வாங்கி வைக்கும்படி சொல்கிறோம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியில் “சாப்பிட்டியளோ?” என்று கேட்கிறீர்கள். “குளிசை போட்டியளோ, போன மாதம் எவ்வளவு காட்டியது?” என்றும் கேளுங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு இருக்கும் மதிப்பு எமது கொப்பிக்கு இல்லை.

அப்படியிருந்தும் நேர்ந்துவிட்டால்

முகம் ஒரு பக்கம் கோணுதல், இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று கீழே விழுதல், பேச்சுக் குழறுதல். இவற்றில் ஒன்று கண்டாலும் போதும். மணியைப் பார்த்து எழுதுங்கள்; வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி அதுவே. எண்ணெய் பூசவோ, கோப்பி பருக்கவோ வேண்டாம். விழுங்க இயலாதவருக்கு அது சுவாசப்பைக்குள் போய்விடும். அஸ்பிரினும் கொடுக்கவேண்டாம், அடைப்பா கசிவா என்று எமக்குத் தெரியாது. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, உள்ளூர் வைத்தியசாலைக்கு அறிவித்துப் படகுக்குச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் குளிசைகளையும் பையோடு கொண்டுபோங்கள்.

அரை மணித்தியாலத்தில் கை தானே சரியாகிவிட்டால் ‘போய்விட்டது’ என்று படுத்துவிடாதீர்கள். அது கடந்துபோன சிறு பாரிசவாதம். பெரியது பின்னால் வருவதுண்டு, அதுவும் பெரும்பாலும் ஓரிரு நாளுக்குள். அன்றைய படகிலேயே போகவேண்டும்.

சென்ற மாதம் எமது கொப்பியை எடுத்துப் பார்த்தோம். எதிரே ஒரு இலக்கமும் எழுதப்படாத பெயர்கள் பதினேழு இருந்தன. ஒருவரைத் தவிர எல்லோரும் ஆண்கள். அவர்களைப் பெரும்பாலும் விடியற்காலையில் கரையில், வலை தெரிந்துகொண்டிருக்கும்போது பிடிக்கலாம் என்று ஆசிரியை சொன்னார். அடுத்த கிழமை கருவியோடு ஒரு கதிரையையும் கரைக்குக் கொண்டுபோக ஒழுங்கு செய்திருக்கிறோம். ஐந்து நிமிடம் இருக்கவேண்டுமல்லவா?